நெருப்பில்லாத மாவளி: பண்டிகைக்கு முந்தைய வகுப்பறைகள்

வகுப்பில் செய்யவைத்த கைவேலைகளைப் பற்றி, வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு, குடியாத்தம், காட்பாடி ஊர்களின் ஆசிரியர்கள் மூவர் பகிர்ந்துகொண்டவை.

அணைக்கட்டுப் பக்கம், இரண்டாம் வகுப்பு ஆசிரியை:

டிசம்பர் வந்தால் பஞ்சு ஒட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா, ஜனவரியில் சார்ட் அட்டையில் பொங்கல் பானை. பல வருடங்கள் இப்படியே ஓட்டினேன். வரைந்து, வெட்டி, அளவு பார்த்துக் கொடுப்பதெல்லாம் நான். பசை தடவுவது மட்டும் பிள்ளைகள். சாயங்காலம் பார்த்தால் தாத்தாவின் தாடி பள்ளி வாசலிலேயே உதிர்ந்து கிடக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம், சாயம் பூசவைக்கலாம் என்று 22 அகல் விளக்குகள் வாங்கி வைத்திருந்தேன். கடைசி வரிசையில் ஒரு பையன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கூப்பிட்டால் பைக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிடுவான். அவன் எழுந்து, "டீச்சர், அகல்தான் எல்லார் வீட்டிலும் இருக்கிறதே, மாவளி செய்யலாமா?" என்றான். நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். கார்த்திகை என்றால் எங்கள் ஊரில் கோயில் முன்னால் பனையோலை கட்டிக் கொளுத்தும் சொக்கப்பனைதான். "எனக்குத் தெரியாது, நீயே சொல்" என்றேன். சொன்னான் பாருங்கள், பாதி பாடவேளை போய்விட்டது. மீதியைச் சொல்ல மறுநாள் அவனுடைய தாத்தாவே வந்துவிட்டார்.

மாவளி என்றால் கார்த்திகை தீபத்தன்று கயிற்றில் கட்டிச் சுற்றும் தீப்பொறி விளையாட்டு. அதற்கு ஆண் பனையின் பூங்கதிரைத்தான் எடுக்க வேண்டுமாம். காயவைத்து, குழியில் போட்டுச் சுட்டு, சாம்பலாகும் முன் மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். அந்தக் கரியை இடித்துத் தூளாக்கி, பழைய பருத்தித் துணியில் சுருட்டி, இறுகக் கட்டி, பிளந்த பனை மட்டைக்கு நடுவில் செருகிக் கயிறு போடுவார்கள். தணல் வைத்துச் சுற்றினால் காற்றுப்பட்டுக் கரி கனிந்து, பூப்பூவாகப் பொறி பறக்கும். "பெண் பனையில் பூ வராதா தாத்தா?" என்று ஒரு பெண் கேட்டாள். "அது நுங்காகிவிடும், அதை யார் சுடுவார்கள்?" என்றார். பனை பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று சொல்லவே முடியாது, அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் ஆகும் என்பதும் அவர் சொல்லித்தான் அந்த வகுப்புக்குத் தெரிந்தது, எனக்கும்தான்.

ஏழு வயதுப் பிள்ளைகள் கையில் நெருப்பைக் கொடுக்க முடியுமா? காகித மாவளி செய்தோம். பத்துப் புளியங்கொட்டைகளைத் துணியில் முடிந்து, அதைச் சுற்றிச் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் கிரேப் காகித வால்கள். சணல் கயிற்றை ஆளுக்கு இரண்டு முழம் அளந்துகொள்ளச் சொன்னேன். சண்டை மூண்டது. "அவன் கயிறு மட்டும் நீளம்!" தாத்தாவின் முழத்துக்கும் பிள்ளைகளின் முழத்துக்கும் ஒரு சாண் வித்தியாசம். அளவுகோல் எதற்கு என்று அதற்கு முன் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அன்று அவர்களே அலமாரியைத் திறந்து எடுத்துக்கொண்டார்கள்.

கரும்பலகையில் 'மாவளி' என்று எழுதியபோது இன்னொரு தகராறு. மகாபலி பெயரால் வந்தது, 'மாவலி' என்றுதான் எழுத வேண்டும் என்று பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து திருத்தினார். இரண்டையும் எழுதிப் போட்டுவிட்டேன். லகர ளகர வேறுபாட்டுக்கு அதைவிட நல்ல நாள் எனக்கு வாய்க்கவில்லை. மைதானத்தில் ஆளுக்கு ஐந்து தப்படி இடைவெளி விட்டு நிற்கவைத்தேன். "மாவளியோ மாவளி" என்று கத்திக்கொண்டே சுற்றினார்கள். கடைசி வரிசைப் பையன்தான் எல்லாருக்கும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தான். அடுத்த வாரம் படிக்கக் கூப்பிட்டேன். தடுமாறினான், ஆனால் பைக்குள் கை போகவில்லை.

இன்னொன்று, கிரேப் காகிதம் நனைந்தால் சாயம் விடும். அன்று தூறல் வேறு. சீருடைகளைப் பார்த்து நான்கு அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள். தாள் வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

குடியாத்தம், மூன்றாம் வகுப்பு ஆசிரியர்:

எனக்கு வாய்த்த அனுபவம் கொஞ்சம் வேறு. காலாண்டு விடுமுறைக்குத் தீப்பெட்டி ரயில் செய்து வரச் சொல்லியிருந்தேன். ஆளுக்குப் பத்துக் காலிப் பெட்டிகள், பெட்டிக்கு ஓர் எழுத்து, இஞ்சினில் தன் பெயர். தீப்பெட்டித் தொழில் நடக்கும் எங்கள் ஊரில் பெட்டிக்குப் பஞ்சமா என்ற எண்ணம்தான்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று ஓர் அம்மா வந்தார். கையில் ரயில் இல்லை. "சார், சின்ன வயதில் பள்ளிக்குப் போகாமல் நான் பெட்டி ஒட்டினேன். என் பெண்ணாவது அதைத் தொடக்கூடாது என்றுதான் இங்கே அனுப்புகிறேன். இங்கேயும் பெட்டியா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பயிற்சி முகாமில் நான் பாராட்டு வாங்கிய செயல்பாடு அது.

பெட்டிகளை ஓரம் கட்டிவிட்டு அவரிடமே கேட்டேன், "அப்போது எப்படிக் கணக்கு வைப்பீர்கள்?" சற்று யோசித்துவிட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கி, பன்னிரண்டு அடுக்கு சேர்ந்தால் ஒரு குரோஸ், 144. அந்தக் கணக்குக்குத்தான் கூலி. 12-ஆம் வாய்ப்பாட்டைப் பிள்ளைகளுக்கு அவர்தான் நடத்தினார், புளியங்கொட்டையை வைத்து. அந்தப் பெண் பிள்ளை அம்மாவைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. தீப்பெட்டி ரயிலை அதற்குப் பிறகு நான் செய்யச் சொல்வதில்லை. வேறு ஊர்களில் நன்றாகவே ஓடும்.

காட்பாடி, முதல் வகுப்பு ஆசிரியை:

சுருக்கமாகச் சொல்கிறேன். மார்கழியில் தரையில் சாக்பீஸால் நேர்ப்புள்ளிக் கோலம்: 1, 3, 5, 7, 5, 3, 1. ஒரு புள்ளிக்கு ஒரு விதை. எண்ணினால் 25. வரிசைக்கு ஐந்தாக மாற்றி அடுக்கினால் அதே 25 சதுரமாக நிற்கும். பிள்ளைகள் மந்திரம் என்றே நினைத்தார்கள். ரம்ஜானுக்கு உள்ளங்கையைத் தாளில் வைத்து வரைந்து மருதாணிக் கோலம் போட்டோம். அதில் என் உதவி எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு சிறுமிகள் வகுப்புக்கே சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பையன் மட்டும் தன் கையில் பஸ் வரைந்துகொண்டான். இருக்கட்டும்.

அணைக்கட்டு டீச்சருக்கு ஒரு கேள்வி: நிஜ மாவளியைப் பிள்ளைகள் பார்த்தார்களா?

அணைக்கட்டுப் பக்கம், இரண்டாம் வகுப்பு ஆசிரியை:

பார்த்தார்கள். பள்ளியில் அல்ல, தீபத்தன்று இரவு ஏரிக்கரையில், அவரவர் வீட்டாரோடு. தாத்தா சுற்றினார். நானும் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு அந்தப் பையன் என்னையே பின்னால் தள்ளித் தள்ளி நிறுத்தினான்.

இந்த வருடப் பிள்ளைகளுக்கும் செய்யலாம் என்று பார்த்தால், செங்கல் சூளைக்கு வெட்டியதில் ஏரிக்கரைப் பனையில் பாதி போய்விட்டது. பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு. மீதி நிற்பவற்றில் எது எது ஆண் என்று மரம் மரமாகக் காட்டுகிறான். ஏறிப் பறிக்கத்தான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.