சிதைவா, சிதைப்பா? நினைவகம் தொடர்பான கலைச்சொற்கள் குறித்து

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இந்த இழையில் வந்த இரண்டு மடல்களுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> மெமரி கரப்ஷன் என்பதை ‘நினைவக ஊழல்’ என்று மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்தேன். இதற்கு நாம் ஒரு முடிவு கட்ட வேண்டும்.

> ‘நினைவகச் சிதைவு’ போதும். பழகிய சொல். மேலும் குடைய வேண்டாம்.

கணினியின் நினைவகத்தில் இருப்பது கெட்டுப்போவதைத்தான் மெமரி கரப்ஷன் என்கிறார்கள். ஊழலைச் சிரித்து ஒதுக்கிவிடலாம். அதை நம்பி ஏமாறுபவர் யாரும் இல்லை. ‘சிதைவு’ அப்படியல்ல. தவறு என்று கண்ணில் படாத சொல் என்பதாலேயே அதைக் குடைய வேண்டியிருக்கிறது, ஐயா.

சிதைதல் தன்வினை, சிதைத்தல் பிறவினை. பழைய மதில் மழையிலும் வெயிலிலும் சிதைகிறது. படையெடுத்து வந்தவன் அதைச் சிதைக்கிறான். முன்னது சிதைவு, பின்னது சிதைப்பு. சேமிப்பக மென்பொருள்களைப் பற்றி எழுதும்போது நமக்கு இரண்டுமே தேவைப்படுகின்றன. வட்டில் நெடுநாள் கிடக்கும் தரவில் ஒரு பிட் தானாகப் புரண்டுவிடுவது உண்டு. அதைக் கண்டுபிடிக்கத்தான் இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் ஒவ்வொரு தொகுதிக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்திருக்கின்றன. அது தரவுச் சிதைவு, யாரும் செய்ததில்லை. ஆனால் ஒரு நிரல் தனக்கு ஒதுக்கப்படாத இடத்தில் எழுதி, அங்கிருந்ததைக் கெடுத்தால், அதற்குச் செய்பவன் உண்டு. அந்த நிரலைத் தன் விருப்பப்படி எழுதவைக்கும் தாக்குநரும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், அறிவிப்பைப் படிக்கும் நிர்வாகி வட்டை மாற்றக் கடைக்குப் போவார். மென்பொருளைப் புதுப்பிக்க மாட்டார்.

வெறும் அகராதிச் சண்டையாக இது போய்விடக் கூடாது என்பதற்காக ஓர் உண்மையான ஓட்டையை எடுத்துக்கொள்கிறேன்: சம்பா மென்பொருளின் சிவிஇ-2021-44142 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொதுப் பதிவெண்). லினக்ஸ் கணினியில் உள்ள கோப்புகளை விண்டோஸ், மேக் கணினிகள் வலையமைப்பு வழியாகத் திறக்க உதவுவது சம்பா. வீட்டிலும் அலுவலகத்திலும் மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும் நாஸ் எனும் வலையமைப்புச் சேமிப்பகப் பெட்டிகள் பலவற்றுக்குள் ஓடுவதும் இதுதான். இந்த ஓட்டைக்கான திருத்தம் 2022 ஜனவரி 31 அன்று 4.13.17, 4.14.12, 4.15.5 ஆகிய பதிப்புகளில் வந்தது. சம்பா குழு தன் அறிவிப்பில் கொடுத்த தீவிர மதிப்பெண் பத்துக்கு 9.9. தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆரஞ்சு சாய் இதைக் கண்டறிந்து தெரிவித்தார். 2021 நவம்பரில் ஆஸ்டின் நகரில் நடந்த போன்-டு-ஓன் என்ற ஊடுருவல் போட்டியிலும் வேறொரு குழு இதையே பயன்படுத்திக் காட்டியது.

ஓட்டை இருந்த இடம் ‘ஃப்ரூட்’ என்ற கூறு. ஆப்பிள் கணினிகளுக்காக எழுதியதால் பழம் என்று பெயர். தயவுசெய்து யாரும் ‘கனிக்கூறு’ என்று முன்மொழிய வேண்டாம்.

மேக் கணினி ஒவ்வொரு கோப்புடனும் சில உபதகவல்களைச் சேர்த்து வைக்கும். அவற்றுள் ஒன்றான ஃபைண்டர் தகவலின் நீளம் 32 பைட். சம்பா இவற்றைக் கோப்பின் நீட்சிப் பண்புகளில் (கோப்புடன் ஒட்டிவைக்கும் கூடுதல் தகவல்கள்), ஆப்பிள்டபுள் என்ற வடிவில் வைக்கிறது. அந்த வடிவத்தின் தலைப்பகுதியில் ஒவ்வொரு பதிவும் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று எழுதியிருக்கும். சம்பா அதைப் படித்து, பதிவு இடையகத்துக்குள் (தரவை வைக்க நினைவகத்தில் ஒதுக்கிய இடம்) அடங்குகிறதா என்று பார்த்தது. ஆனால் ஃபைண்டர் தகவலுக்குக் குறிக்கப்பட்ட நீளம் உண்மையிலேயே 32 பைட்தானா என்று பார்க்கவில்லை. பதிவு இடையகத்தின் கடைக்கோடியில் தொடங்குகிறது, நீளமும் சில பைட்தான் என்று தாக்குநர் எழுதிவைத்தால் சோதனை அதைக் கடந்துபோக விட்டுவிடும். பிறகு நிரல் வழக்கம்போல் 32 பைட்டையும் படிக்கும், எழுதும். படித்தால் பக்கத்தில் இருப்பது வெளியே கசியும். எழுதினால் பக்கத்தில் இருப்பது கெடும்.

இங்கே என்ன சிதைந்தது? எதுவும் தானாகச் சிதையவில்லை. ஆகவே என் முதல் முன்மொழிவு: நினைவகச் சிதைப்பு.

அடுத்து, சிதைப்பு என்பது விளைவின் பெயர். அதற்குக் காரணமான செயலுக்கும் பெயர் வேண்டும். அவுட்-ஆஃப்-பவுண்ட்ஸ் என்பதற்கு ‘எல்லைக்கு வெளியே’ என்று சிலர் எழுதுகிறார்கள். பொருள் சரி, ஆனால் தொகையாக்க முடியாமல் நொண்டுகிறது. ‘வரம்பு மீறல்’ நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தனக்கு உரியதைத் தாண்டிப் போனவரைச் சொல்ல எல்லோரும் பயன்படுத்துவது. வரம்புமீறிப் படித்தல், வரம்புமீறி எழுதுதல். ‘வரம்புமீறிய எழுத்து’ என்று மட்டும் வேண்டாம். எழுத்து என்றதும் அ, ஆ நினைவுக்கு வந்துவிடும்.

ஓடும் நிரல் வேண்டியபோது இடம் கேட்டுப் பெறும் நினைவகப் பகுதியான ஹீப் என்பதற்குக் குவியல். ‘குவியம்’ என்று எழுதியவருக்கு ஒரு சொல்: இயற்பியல் பாடநூலில் அது ஆடியின் ஃபோகஸ். அதை விட்டுவிடுவோம்.

இனி, இந்த இழையில் யாரும் தொடாத மிட்டிகேஷனுக்கு, அதாவது ஓட்டையைத் திருத்தாமல் ஆபத்தை மட்டும் குறைப்பதற்கு, வருகிறேன். எனக்கு இதில்தான் அதிக அக்கறை. செய்திகளில் இதைத் ‘தீர்வு’ என்றே எழுதிவிடுகிறார்கள். அது ஆபத்தானது. சம்பா குழு கொடுத்த இடைக்கால வழியைப் பாருங்கள்: அமைவுக் கோப்பில் கூறுகளைப் பட்டியலிடும் ‘விஎஃப்எஸ் ஆப்ஜெக்ட்ஸ்’ வரியிலிருந்து ஃப்ரூட்டை எடுத்துவிடுங்கள் என்றார்கள். எடுத்தால் ஓட்டைக்குப் போகும் வழி அடைபடும், ஆனால் பிழையான நிரல் அப்படியே இருக்கும். கூறு முன்னிருப்பு அமைவில் இருந்தால் மட்டுமே பாதிப்பு என்பதால், உபதகவலை வைக்கும் முறையை மாற்றித் தப்பிக்கலாமே என்று தோன்றும். அதற்கும் அறிவிப்பிலேயே எச்சரிக்கை இருந்தது. அப்படி மாற்றினால் ஏற்கெனவே சேமித்த உபதகவல்களை எட்ட முடியாது; மேக் பயனருக்கு அவை தொலைந்துபோனது போலவே தோன்றும். இத்தனை விலை கொடுத்து வாங்குவதற்குத் தீர்வு என்று பெயர் வைத்தால், அதைச் செய்துமுடித்த நிர்வாகி புதுப்பிப்பை மறந்துவிடுவார். பருவநிலை பற்றிய எழுத்தில் ‘தணிப்பு’ ஏற்கெனவே ஊன்றிவிட்டது. காய்ச்சல் தணிவதால் நோய் போய்விட்டதாக யாரும் எண்ணுவதில்லை. இங்கும் தணிப்பு என்றே சொல்வோம்.

> வொர்க்அரவுண்டுக்கு ‘வழுவமைதி’ என்று வைத்தால் என்ன?

அழகான யோசனை, அம்மா. பக் என்பதற்கு வழு நிலைபெற்றுவிட்டதால் ஆசை இன்னும் கூடுகிறது. ஆனால் இலக்கணத்தில் வழுவமைதி என்பது, வழுதான் என்றாலும் ஒரு காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்பட்டது. ‘தெரிந்த வழு, திருத்தப்போவதில்லை’ என்று நிரலாளர்கள் மூடிவைக்கும் புகார்களுக்கே அது பொருந்தும். அதற்காக எடுத்து வையுங்கள், கட்டாயம் தேவைப்படும். வொர்க்அரவுண்டுக்கு ‘மாற்றுவழி’ போதும்.

தணிப்பில் இன்னொரு வகையும் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஓட்டைக்காக அல்லாமல், எந்த ஓட்டையையும் சுரண்டுவது கடினமாகும்படி இயங்குதளமே செய்துவைத்திருப்பது. ஏஎஸ்எல்ஆர் அப்படிப்பட்டது: நிரலின் பகுதிகள் நினைவகத்தில் எந்த முகவரியில் அமரும் என்பதை ஒவ்வொரு முறையும் மாற்றிவைக்கிறது. 2001-இல் லினக்ஸ் பாதுகாப்புக்கான பாக்ஸ் திட்டம் தொடங்கிவைத்தது, 2005-இல் லினக்ஸ் கருவுக்குள் வந்தது. ‘முகவரிவெளி அமைவுச் சமவாய்ப்பாக்கம்’ என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார், மூச்சு வாங்குகிறது. ‘முகவரிக் கலைப்பு’ என்கிறேன், சீட்டுக் கலைப்பது போல.

சம்பாவில் இந்தக் கலைப்பின் வலிமை குறைந்துவிடுவதையும் சொல்ல வேண்டும். புதிய இணைப்பு வரும்போதெல்லாம் சம்பாவின் சேவை நிரலான எஸ்எம்பிடி தன்னையே பிரித்து ஒரு சேய்ச் செயலாக்கத்தை உண்டாக்குகிறது. தாயின் முகவரி அமைப்பு அப்படியே சேய்க்கும் வரும். ஓர் இணைப்பில் வரம்புமீறிப் படித்துக் கசியவிட்ட முகவரி, அடுத்த இணைப்பில் வரம்புமீறி எழுதவும் உதவும். படித்தலும் எழுதுதலும் ஒரே ஓட்டையில் கிடைத்ததுதான் இதை இவ்வளவு கடுமையாக்கியது. எனவே கலைச்சொல்லிலும் அவற்றை ஒன்றாகக் குழைத்து ‘மீறல்’ என்று நிறுத்திவிடாமல், இரண்டு வினைகளையும் தனித்தனியே காட்டியாக வேண்டும்.

இச்சொற்களை வைத்து அறிவிப்பைச் சுருக்கி எழுதிப் பார்த்தேன்:

“சம்பாவின் ஃப்ரூட் கூறில் குவியல் நினைவகத்தை வரம்புமீறிப் படிக்கவும் எழுதவும் இடம்தரும் ஓட்டை உள்ளது. கோப்பின் நீட்சிப் பண்புகளில் எழுதும் உரிமை பெற்றவர், நினைவகச் சிதைப்பின் மூலம் கணினி முழுவதையும் ஆளும் ரூட் உரிமையுடன் தன் நிரலை இயக்க முடியும். விருந்தினருக்கு அந்த உரிமை கொடுக்கப்பட்டிருந்தால் கடவுச்சொல்லும் தேவையில்லை. திருத்தப்பட்ட பதிப்புக்கு மாறுங்கள். உடனே முடியாதவர்கள் தணிப்பாக, ஃப்ரூட் கூறை அமைவிலிருந்து நீக்கலாம்.”

வாய்விட்டுப் படித்தபோது எங்கும் தடுக்கவில்லை. ‘ஓட்டை’ பேச்சுவழக்காக இருக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். வல்னரபிலிட்டிக்கு நம்மில் சிலர் எழுதிவரும் ‘பாதிப்பு’ விளைவைக் குறிக்கிறது, காரணத்தை அல்ல. மேலே உள்ள முதல் வாக்கியத்தில் அதைப் போட்டுப் பாருங்கள், வாக்கியமே புரண்டுவிடும். ‘ஊறுபடுநிலை’ இலக்கணப்படி சரிதான், ஆனால் ஒரு முறைக்கு மேல் படிக்க வைக்கிறது. இதைவிட நல்ல சொல் இருந்தால், தனியே சொல்லாமல் இந்தப் பத்தியிலேயே பொருத்தி அனுப்புங்கள்.

அன்புடன்.