லேடி கேத்தரின் பெண்களுக்காகப் பேசுகிறாரா, சொத்துக்காகவா?

நெய்தல்:
ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) நாவலில் வரும் லேடி கேத்தரின் டி பர்க் பற்றி எம்.ஏ. அசைன்மென்ட். பணக்காரத் திமிரும், பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கெடுபிடியும் அவரிடம் எப்படிச் சேர்கின்றன என்பது தலைப்பு. சொத்து ஆண் வாரிசுக்கே போகும் என்ட்டெய்ல் ஏற்பாடு அவசியமே இல்லை என்று ஓரிடத்தில் சொல்கிறார். இன்னோரிடத்தில், இளம்பெண்கள் துணையில்லாமல் பயணம் போகக் கூடாது என்கிறார். இவரை முற்போக்கு என்பதா, பழமைவாதி என்பதா? எந்த அத்தியாயங்களை எடுப்பது?

பழுப்புத்தாள்:
முற்போக்கா, பழமையா என்று ஆரம்பித்தால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும். சொத்து யார் கையில் என்று பாருங்கள். லேடி கேத்தரின் வாழும் ரோசிங்ஸ் எஸ்டேட், அவருடைய இறந்துபோன கணவர் சர் லூயிஸ் குடும்பத்தினுடையது. அங்கே என்ட்டெய்ல் இல்லை, அதனால் ஒரே மகள் ஆன் வாரிசு. 29-ஆம் அத்தியாயத்தில் அவர் பேசுவது தன் வீட்டு நிலவரத்தை. நாயகி எலிசபெத்தின் பென்னட் குடும்ப எஸ்டேட்டான லாங்போர்ன், மகள்களுக்கு வராமல் என்ட்டெய்லால் உறவினர் காலின்ஸுக்குப் போவதில் அவருக்கு வருத்தமில்லை. காலின்ஸின் மனைவி சார்லட்டிடம், உனக்காகச் சந்தோஷம் என்று எலிசபெத்தின் முன்னாலேயே சொல்கிறார். 37-ஆம் அத்தியாயத்தில், தகப்பனுக்கு மகள்கள் அவ்வளவு முக்கியமில்லை என்றும் சொல்கிறார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் மணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவன் கட்டுப்பாட்டுக்குப் போய்விடும். 1870, 1882 சட்டங்கள்தான் அதை மாற்றின. விதவைக்கு அந்தத் தடை இல்லாததால்தான் இவரால் இவ்வளவு அதிகாரம் செய்ய முடிகிறது. ஆன் வெளியாளை மணந்தால் ரோசிங்ஸ் அவன் கைக்குப் போகும். லேடி கேத்தரினின் சகோதரி மகனான டார்சியை மணந்தால், அவனுடைய பெம்பர்லி எஸ்டேட்டோடு சேரும். தொட்டிலிலேயே பேசி வைத்த சம்பந்தத்துக்குக் காரணம் இதுதான். இதை நம் முறைப்பெண் வழக்கத்தோடு ஒப்பிட்டு எழுதிவிடாதீர்கள். ஆனும் டார்சியும் அக்கா தங்கை பிள்ளைகள். நம் கணக்கில் அண்ணன் தங்கை முறை.

கனலி:
வர்க்கப் பகுதிக்கு, டார்சியை மணக்கக் கூடாது என்று எலிசபெத்தை மிரட்ட லேடி கேத்தரின் வரும் 56-ஆம் அத்தியாயம் போதும், ஆனால் நிதானமாகப் படியுங்கள். எலிசபெத்தை ஏழை என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. அவள் அப்பாவுக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானம், டார்சிக்கு 10,000. பணத்தில் பெரிய இடைவெளி, ஆனால் இருவருமே நிலவுடைமைக் குடும்பம். எலிசபெத் இதைச் சொன்னதும் லேடி கேத்தரினால் மறுக்க முடியவில்லை. உடனே உன் அம்மா யார், மாமா யார் என்று தாய்வழிக்குத் தாவுகிறார். தாய்மாமா லண்டன் கிரேஸ்சர்ச் தெருவில் வியாபாரி, அம்மாவின் சகோதரியை மணந்தவர் பக்கத்து ஊர் மெரிட்டனில் வக்கீல். பெண் வழியாகத்தான் இழுக்கு வந்து சேர்கிறது என்ற நினைப்பில் வர்க்கமும் பாலினமும் ஒன்றாகிவிடுகின்றன. உங்கள் கட்டுரையின் நடு அதுதான்.

31-ஆம் அத்தியாயத்தையும் விடாதீர்கள். எலிசபெத் பியானோ பழக, ரோசிங்ஸில் மிஸஸ் ஜென்கின்சன் அறைக்கு வரலாம் என்கிறார் லேடி கேத்தரின். வீட்டின் அந்தப் பகுதியில் யாருக்கும் தொந்தரவு இருக்காதாம். ஜென்கின்சன் ஆனுக்குத் துணையாகச் சம்பளத்துக்கு இருப்பவர். உபகாரம் போலச் சொல்லிக்கொண்டே எலிசபெத்தின் இடம் எது என்று காட்டிவிடுகிறார். இத்தனைக்கும் அவரும் இசை கற்றதில்லை, ஆனும் கற்றதில்லை. பயிற்சி பற்றிய உபதேசமெல்லாம் மற்றப் பெண்களுக்குத்தான்.

2005 படத்தை வைத்து எழுதாதீர்கள். அதில் அவர் இரவில் வருகிறார்; நாவலில் காலையில் வந்து, தோட்டத்தில் பேசுகிறார்.

நெய்தல்:
பயணக் கட்டுப்பாட்டை எங்கே சேர்ப்பது?

பழுப்புத்தாள்:
37-ஆம் அத்தியாயத்தை 35-க்குப் பின்னால் வைத்துப் படியுங்கள். டார்சியின் தங்கை ஜார்ஜியானா கடலோர ஊரான ராம்ஸ்கேட் போனபோது இரண்டு ஆண் வேலையாட்களைக் கட்டாயம் கூட அனுப்ப வைத்தேன் என்று 37-இல் லேடி கேத்தரின் பெருமையாகச் சொல்கிறார். அதே ராம்ஸ்கேட்டில், டார்சியோடு வளர்ந்த விக்கம் என்பவன் பதினைந்து வயது ஜார்ஜியானாவைக் கூட்டிக்கொண்டு ஓடத் திட்டமிட்டது 35-இல் டார்சி எலிசபெத்துக்கு எழுதிய கடிதத்தில் வந்துவிட்டது. விக்கம் குறிவைத்தது அவளுடைய 30,000 பவுண்டை. அவனுக்கு உடந்தை, அவளைப் பார்த்துக்கொள்ள அமர்த்திய மிஸஸ் யங்தான். வேலையாட்கள் அந்தஸ்தைக் காட்டினார்கள், பெண்ணைக் காக்கவில்லை. இதை எலிசபெத் அறிவாள், லேடி கேத்தரின் பேச்சில் அது தெரிந்த சுவடே இல்லை. ஆஸ்டின் இதை எங்கும் விளக்குவதில்லை, நீங்கள்தான் எடுத்துக்காட்ட வேண்டும்.

அத்தியாய எண்ணில் கவனம். மூன்று தொகுதியாகப் பிரித்த பதிப்புகளில் 29 என்பது இரண்டாம் தொகுதி 6. 37 என்பது அதே தொகுதி 14. 56 என்பது மூன்றாம் தொகுதி 14. எந்தப் பதிப்பு என்று முதல் அடிக்குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.