குவிட்கிளெய்ம் டீட்: 'விடுதலைப் பத்திரம்' போதுமா?

செ.:
அன்பர்களுக்கு வணக்கம். கல்லூரி வரலாற்று வகுப்புக்கான மூல ஆவணத் தொகுப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலும் வர்ஜீனியாவிலும் எழுதப்பட்ட விளைநிலப் பத்திரங்களின் தமிழாக்கம். கிரயம், எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், தாய்ப்பத்திரம் எல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டன. குவிட்கிளெய்ம் டீட் (quitclaim deed) என்பதற்குத் தமிழ்ச்சொல் கிடைக்காமல்தான் நிற்கிறேன். "இந்த நிலத்தில் எனக்கு ஏதும் பாத்தியதை இருந்தால் அதை இன்னாருக்கு விட்டுவிட்டேன்" என்பதே சாரம். பாத்தியதை இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பவர் சொல்வதில்லை. பிறகு வில்லங்கம் முளைத்தால் பொறுப்பும் ஏற்பதில்லை. வாரண்டி டீடிலோ, யார் வந்து உரிமை கோரினாலும் தானும் தன் வாரிசுகளும் முன்னின்று காப்பதாக எழுதுவார். என் வரைவில் 'விடுதலைப் பத்திரம்' என்று போட்டிருக்கிறேன். சரியா?

கு.வே.:
சரி. மாற்றாதீர்கள். சார்பதிவாளர் அலுவலக வாசலில் நிற்கும் யாருக்கும் புரியும் சொல். நியூ இங்கிலாந்தில் (மாசசூசெட்ஸ் உள்ளிட்ட பகுதி) தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், அண்ணன் பண்ணையை எடுத்துக்கொள்ள, தம்பி தங்கைகள் பணம் வாங்கிக்கொண்டு குவிட்கிளெய்ம் எழுதித் தருவார்கள். நம்மூர் விடுதலைப் பத்திரமும் அச்சு அசலாக இதுதானே?

இரா.மு.:
ஐயா, 'பத்திரம்' வடசொல், 'விடுதலை' அரசியல் சொல். 'குவிட்' என்பதை 'விட்டுப் போதல்' என்று கொள்வதே பிழை. பழைய பிரெஞ்சில் அது 'கடப்பாடு நீங்கிய' என்ற பொருளது. 'கிளெய்ம்' பகுதிக்கும் மூலப்பொருள் கோருதல் அன்று, கூவி அறிவித்தல். நமக்கோ 'அறைதல்' இருக்கிறது, பறை அறைதல் போல. தீர்ந்தது என்று அறைதல், தீர்வறை. ஆகவே 'தீர்வறை ஓலை'. விடு, வீடு, விடை, விடுதி என்று விரியும் வேரில் நிலத்தை மாட்டிவிட்டால் பொருள் சிதறும்.

கு.வே.:
தேர்வறைக்குப் பக்கத்து அறைதான் தீர்வறை என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அதில் 'ஓலை' வேறு. மாசசூசெட்ஸில் பனை ஏது?

சி. (யாழ்ப்பாணம்):
எங்கள் பக்கம் காணி உறுதி என்போம். நொத்தாரிசு (நோட்டரி) முடிக்கிறது உறுதி. டீட் என்பதற்கு அதைவிடச் சின்ன, நல்ல தமிழ்ச்சொல் இல்லை. 'பாத்தியம் விடல் உறுதி' என்று வைக்கலாமே?

கு.வே.:
உறுதி எதையும் தராத ஆவணத்துக்கு 'உறுதி' என்று பெயரா? தமிழக மாணவர் அங்கேயே தடுக்கி விழுவார்.

ந.:
விடுதலைப் பத்திரத்துக்கு என் எதிர்ப்பு வேறு காரணத்தால். நம் வழக்கில் அது கூட்டுப் பாத்தியதை உள்ளவர்களுக்குள் எழுதுவது. குவிட்கிளெய்முக்கு அந்த நிபந்தனை இல்லை, முன்பின் தொடர்பில்லாதவரும் எழுதலாம். பாஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். குடியேறிகள் ஊர் அமைத்தது 1630இல். அரசர் தந்த காலனிச் சாசனம் 1684இல் ரத்தானதும் ஊராரின் நில உரிமையே கேள்விக்குள்ளானது. 1685இல் அப்பகுதிப் பூர்வகுடித் தலைவர் சார்ல்ஸ் ஜோசையாவிடம் குவிட்கிளெய்ம் எழுதி வாங்கினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் உழுதுகொண்டிருந்த நிலத்துக்கு! அடுத்த ஆண்டு மாசசூசெட்ஸின் சேலம் ஊராரும் அப்படியே ஒன்று வாங்கினார்கள். இதை 'விடுதலை' என்று மொழிபெயர்த்தால், அவரும் ஊராரும் பங்காளிகளாக இருந்து அவர் தம் பங்கை விட்டார் என்று பொருள்படும். 'கிரயம்' என்றால் அதுவரை நிலம் அவர் கையில் இருந்ததாகத் தோன்றும். இரண்டும் வரலாற்றைத் திரிக்கும். 'உரிமைகோரல் துறப்பு ஆவணம்' என்பது நீளம்தான், ஆனால் துறப்பது கோரலை மட்டும் என்பது தெளிவு.

செ.:
இன்னொரு முட்டுக்கட்டை. வர்ஜீனியாப் பத்திரங்களில் ஒரே விற்பனைக்கு இரண்டு தாள். முதல் நாள் ஓராண்டுக் குத்தகை, 5 ஷில்லிங்குக்கு. மறுநாள் 'ரிலீஸ்', அதில்தான் உண்மையான விலை. முதல் தாளை மட்டும் பார்த்துவிட்டு, பண்ணையே 5 ஷில்லிங்குக்குப் போனது என்று குறிப்பெழுதிவிடுகிறார்கள். இந்த 'ரிலீஸ்' விடுதலை என்றால் குவிட்கிளெய்முக்கு வேறு சொல் தேவை.

ந.:
ஆமாம். அது 1536 இங்கிலாந்துச் சட்டத்தின் சந்தில் புகுந்து கண்ட வழி. குத்தகைத் தாள் எழுதியதுமே வாங்குபவர் சுவாதீனத்தில் இருப்பதாகச் சட்டம் கொள்ளும், நிலத்துக்குப் போய்க் கால் வைக்கத் தேவையில்லை. மீதி உரிமையை மறுநாள் அவருக்கு விட்டால் கிரயம் முடிந்தது. 'விடுதலை' இங்கேதான் பொருந்தும்.

இரா.மு.:
நிலத்தில் கால் வைப்பது பற்றிப் பேச்சு வந்ததால்: அதற்கு முந்தைய முறையில் விற்பவர் ஒரு மண்கட்டியையும் சுள்ளியையும் பிடுங்கி, சாட்சிகள் முன் வாங்குபவர் கையில் தருவார். நம் சாசனங்களில் 'கல்லும் கள்ளியும் நாட்டி' என்று வருவதை நினையுங்கள். பிடியானையை எல்லை சுற்றி நடத்தியதும் உண்டு. வர்ஜீனியாவில் நான்கு ஆண்டுக்கொருமுறை அயலார் கூடி எல்லையை நடந்து, மரக் குறிகளைப் புதுப்பிக்கச் சட்டமே இருந்தது. 'எல்லை நடத்தல்' என்று தொகுப்பில் போடலாம்.

செ.:
ஐயா, அது நன்று, எடுத்துக்கொள்கிறேன். குவிட்கிளெய்ம்?

சி.:
இடையில் ஒன்று. வரைவின் 14ஆம் பக்கத்தில் 'டவர்' (dower) என்பதைச் சீதனம் என்று போட்டிருக்கிறீர்கள். பிழை. பிறந்த வீட்டார் கொடுத்ததல்ல அது. கணவனின் நிலத்தில் மூன்றிலொரு பங்கை விதவை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை. அவள் கையெழுத்திட்டு விடாவிட்டால், கணவன் இறந்தபின் வாங்கியவரிடம் வந்து கேட்பாள். வர்ஜீனியாவில் கணவனை விலக்கி வைத்து, அவளைத் தனியே விசாரித்துச் சம்மதம் பதிந்தது அதற்காகத்தான். 'விதவைப் பங்கு' போதும்.

கு.வே.:
அளவுகளையும் பாருங்கள். 'போல்', 'ராட்', 'பெர்ச்' மூன்றும் ஒன்றே, பதினாறரை அடி. மூன்றுக்கும் 'கோல்' என்றே வையுங்கள். 4 கோல் ஒரு சங்கிலி, 66 அடி. 160 சதுரக் கோல் ஒரு ஏக்கர். 'வடகிழக்கு 40 பாகை' என்று எழுதியிருப்பது ஆபத்து. 'வடக்கிலிருந்து கிழக்காக 40 பாகை' என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் வரைபடம் போடும் மாணவருக்குக் கோடு எங்கோ போய், எல்லை தொடங்கிய வெள்ளை ஓக் மரத்துக்கே திரும்பாது. காந்த வடக்கு ஆண்டுக்காண்டு நகர்வதால் பழைய பாகையும் இன்றைய திசைகாட்டியும் ஒத்துப்போகாது என்று அடிக்குறிப்பும் தேவை.

செ.:
அச்சகத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ரிலீஸ்: விடுதலைப் பத்திரம். குவிட்கிளெய்ம்: 'கோரல் துறப்புப் பத்திரம்'. ந. சொன்னதைச் சுருக்கினேன். மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள்.

கு.வே.:
துறப்பு என்றாலே காவி கட்டியது போல் இருக்கிறது. தொகுப்பில் உடன்பிறந்தார் எழுதிய நான்கு குவிட்கிளெய்ம்களிலாவது 'விடுதலை' இருக்கட்டும். மற்றபடி சரி.

ந.:
ஒரே ஆவண வகைக்கு ஒரு தொகுப்பில் இரண்டு பெயர் கூடாது. செ. சொன்னபடியே போகட்டும்.

சி.:
சம்மதம், அருஞ்சொற்பட்டியலில் அடைப்புக்குள் 'உறுதி' வந்தால்.

இரா.மு.:
பெரும்பான்மை வழியே செல்க. கோரல் என்பது கேட்பதைக் குறிக்கும். பாஸ்டன்காரர் கையெழுத்து வாங்கும்வரை சார்ல்ஸ் ஜோசையா எதையும் கேட்டதாக அந்த ஆவணம் சொல்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள். தீர்வறையை நான் திரும்பப் பெறவில்லை.