ஜோசியரிடம் போனதில் இன்னும் மனதைவிட்டுப் போகாதது எது?

காவேரிக்கரை:
தங்கை ஜாதகத்துக்காகப் போனது. கும்பகோணம் பக்கம், வயதான ஜோசியர், பெயர் வேண்டாம். திண்ணையில் ஒரு பலகை, பாம்புப் பஞ்சாங்கம், சீவின பென்சில். அவ்வளவுதான் அவர் ஆபீஸ். தசா இருப்பை, அதாவது பிறக்கும்போது நடந்த கிரக தசையில் மீதி எவ்வளவு என்பதை, விரல் கணுவிலேயே எண்ணிச் சொல்லிவிட்டார். குரு பலன் வந்தாச்சு, கல்யாணம் தை தாண்டாது என்றார். தாண்டவில்லை. ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த இடம்தான், அதனால் அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன்.

விஷயம் வேறு. மஞ்சள் பையில் வீட்டில் எல்லோருடைய ஜாதக நோட்டும் ஒன்றாகக் கிடந்தது. கிளம்பும்போது "இதையும் ஒரு பார்வை பாத்துடுங்க ஐயா" என்று அப்பாவுடையதை நீட்டினேன். முதல் பக்கத்து "ஜனனீ ஜன்ம சௌக்யானாம்" சுலோகத்தை முணுமுணுத்தார், பக்கத்தைத் திருப்பினார், கட்டத்தைப் பார்த்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நோட்டை மூடிவிட்டார். "இன்னைக்கு வேண்டாம் தம்பி. அப்பாவையே ஒருநாள் வரச் சொல்லு." வெற்றிலை பாக்கோடு வைத்த பணத்தில் பாதியை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அப்பாவுக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது, போகவே இல்லை. பெரியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாவுக்கு இப்போது 77. காலையில் வாக்கிங் போகிறார், நான் பின்னால் ஓடவேண்டியிருக்கிறது. அப்புறம் அந்தக் கட்டத்தில் என்னதான் இருந்தது?

பழையசோறு:
வைத்தீஸ்வரன்கோயில் நாடி, ஓலைச்சுவடி பார்த்துச் சொல்லும் ஜோசியம். கட்டைவிரல் ரேகை, ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒவ்வொரு ஏடாகத் தள்ளி "உடன்பிறந்தவர் இருவரா?", "தகப்பனார் பெயரில் முருகன் வருவாரா?" என்று கேள்வி. ஆமாம், இல்லை மட்டும் சொல்ல வேண்டும். கடைசியில் அம்மா பெயர், அப்பா பெயர், என் பெயர் எல்லாம் ராகமாக வந்தது. கூட வந்த மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜன்னல் இல்லாத அறை, கும்மிருட்டு. ஏடு படிப்பவர் நிறுத்தவில்லை! இன்னும் நாலு அடி ராகம் பிசகாமல் பாடி முடித்துவிட்டுத்தான் "யாருப்பா அங்க, மெழுகுவத்தி கொண்டா" என்றார்.

நானும் மச்சானும் இதுவரை அதைப் பேசிக்கொண்டதில்லை. பரிகாரம் சொல்லும் சாந்தி காண்டத்துக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் வந்தோம்.

உத்திராடத்தான்:
காவேரிக்கரை, அப்பா ஜாதகத்தில் என்ன என்று யோசிக்கும் முன் அந்தக் கட்டமே சரியா என்று பாருங்கள். பாம்புப் பஞ்சாங்கம் என்றால் வாக்கியம், அதாவது பழைய வாய்பாட்டுக் கணக்கு. வாக்கியத்தில் சந்திரன் கொஞ்சம் தள்ளி நிற்பார். சந்திரன் தள்ளினால் தசா இருப்பு வருடக்கணக்கில்கூட மாறும். பெரியவர் விரலில் எண்ணினார் என்று வியப்பதில் பிரயோஜனமில்லை, எதை வைத்து எண்ணினார் என்பதுதான் கேள்வி.

சனிப்பெயர்ச்சியையே எடுங்கள். வானத்தில் கிரகம் நிற்கும் இடத்தை ஒட்டித் திருத்திய திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் அங்கே 2026 மார்ச் 6. கிட்டத்தட்ட ஒரு வருடம் ஒரே சனி இரண்டு ராசியில். 1952இல் வானியற்பியலாளர் மேகநாத சாகா தலைமையில் மத்திய அரசே பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு போட்டது. நம் ஆட்கள் கேட்டால்தானே.

என் கதை சின்னது. நான் உத்திராடம். ஒரு பஞ்சாங்கத்தில் 1ஆம் பாதம், தனுசு. இன்னொன்றில் 2ஆம் பாதம், மகரம். 2023இல் ஒருவர் ஏழரைச் சனி முடிஞ்சது என்று எள் தீபம் போடச் சொல்லி அனுப்பினார். அதே தெருவில் இன்னொருவர் இன்னும் இரண்டரை வருஷம் இருக்கு என்றார். இரண்டு பேருக்கும் ஜிபே செய்தேன்.

எல்லோரும் ஒன்று செய்யுங்கள். பிறந்த நேரத்தை ஆஸ்பத்திரிக் குறிப்பிலிருந்து எடுங்கள், பாட்டி ஞாபகத்திலிருந்து அல்ல. பழைய நோட்டில் நாழிகை இருந்தால் அது சூரிய உதயத்திலிருந்து எண்ணியது, ஒரு நாழிகை 24 நிமிடம், அந்த ஊர் உதயத்தைத்தான் எடுக்க வேண்டும். லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி, ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை மாறும். இன்னொன்று யாருக்கும் தெரியாது: உலகப்போர் சமயம், 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் நடுவரை, இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அப்போது பிறந்தவர்களுக்கு அந்த ஒரு மணியைக் கழிக்காமல் போட்டால் லக்னமே தப்பு. உங்கள் அப்பாவுக்கு இது பொருந்தாது. பெரியப்பா யாராவது இருந்தால் பாருங்கள்.

பனியன்கடை:
பெரியப்பாவுக்கு இனிமேல் லக்னம் மாறி என்ன ஆகப்போகிறது?

எனக்குக் கடல் தாண்டும் யோகம் என்று அம்மாவிடம் ஒருவர் சொன்னார். நான் திருப்பூரை விட்டு நகரவில்லை. போன வருடம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனோம். பாம்பன் பாலத்து நடுவில் ரயில் போகும்போது அம்மா என் தோளைத் தட்டி, "பாத்தியா, சொன்னாரா இல்லையா" என்றார். எதிர் சீட்டுக்காரர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள்.

வாக்கியமா திருக்கணிதமா என்று அடித்துக்கொள்கிறவர்களுக்கு: 2008இல் வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் குழுவினர் மகாராஷ்டிராவில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர் ஜாதகங்களைக் கலந்து, யார் எந்த வகை என்று ஜோசியர்களைக் கேட்டார்கள். ஆளுக்கு 40 ஜாதகம். விடை அனுப்பிய 27 பேரின் சராசரி 46 சதவீதம். காசு சுண்டியிருந்தால் 50 வந்திருக்கும்.

மாமாவின் மாணவன்:
நான் தொழில்முறை ஜோசியன். பனியன்கடை சொன்ன சோதனையை நானும் படித்திருக்கிறேன், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜாதகத்தை மட்டும் கொடுத்துப் படிப்பு வருமா என்று கேட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். எதிரில் ஆள் உட்கார்ந்திருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். அது சாஸ்திரமா, அனுபவமா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

தாய்மாமாவிடம் கற்றது. முதல் வருடம் முழுக்கப் பஞ்சாங்கத்தை நோட்டில் காப்பி எடுக்கும் வேலைதான். எந்தக் கிரக தசை எத்தனை வருடம், கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6 என்று 120 வரைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். ஆயுள் சொல்லக்கூடாது, கேட்காத ஜாதகத்தைப் பிரிக்கக்கூடாது, இந்த இரண்டும் அவர் சட்டம். இப்போது எல்லோரும் மொபைலில் கட்டத்தோடு வருகிறார்கள், பத்துக்கு ஏழு பொருத்தம் என்று அவர்களே சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது இது. ஒரு அம்மா மகள் ஜாதகத்தோடு வந்தார். துலா லக்னம், எட்டில் ரிஷபத்தில் செவ்வாய், அதாவது செவ்வாய் தோஷம். நாலு வரன் தட்டிப்போயிருந்தது. "நேரத்தைக் கொஞ்சம் முன்னாடி போட்டு எழுதித் தாங்களேன் சாமி, லக்னம் கன்னி ஆயிடுச்சுன்னா செவ்வாய் ஒன்பதுக்குப் போயிடுமாமே" என்றார். யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முடியாது என்றேன். காபிகூட வேண்டாம் என்று எழுந்து போனார்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பொருத்தம் பார்க்க வந்தார்கள். பெண் ஜாதகம் புது நோட்டில், நாலு மூலையிலும் மஞ்சள் காயவில்லை. அதே தேதி, அதே ஊர், அதே நட்சத்திரம். லக்னம் கன்னி.

பையனின் அப்பா பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார், நான் சொல்வதை எழுதிக்கொள்ள.

பழையசோறு:
என்ன சொன்னீர்கள்?

உத்திராடத்தான்:
அதற்கு முன் ஒன்று. சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் செவ்வாயைப் பார்த்தீர்களா? லக்னத்தை மாற்றினால் மட்டும் போதாதே. தவிர விலக்கு விதிகளே நிறைய இருக்கின்றன. அந்தம்மாவிடம் இதைச் சொல்லியிருந்தால் நேரத்தை மாற்றவே வேண்டியிருந்திருக்காது.

மாமாவின் மாணவன்:
சொன்னேன் ஐயா. அவருக்கு விதிவிலக்கு வேண்டாம், கேள்வியே வராத கட்டம்தான் வேண்டும்.

பழையசோறு, "நட்சத்திரப் பொருத்தம் எட்டு இருக்கு, ரஜ்ஜு தட்டவில்லை" என்றேன். நட்சத்திரம் மாறவில்லையே, அது உண்மைதான். கட்டத்தைப் பற்றி அவர்கள் கேட்டபோது, இதை எழுதினவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பணம் வாங்கவில்லை. அவர்கள் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பனியன்கடை:
கல்யாணம் நடந்ததா?

மாமாவின் மாணவன்:
பத்திரிகை பெண் வீட்டிலிருந்து வந்தது. கொண்டுவந்து கொடுத்தது அந்த அம்மாவேதான். இந்த முறை காபி குடித்துவிட்டுப் போனார்.