உட்கார வைத்துத் தோள் ஆபரேஷன்: மூளையைக் காப்பது சலைனா, மருந்தா?

திருச்சி மகள்:
அப்பாவுக்கு 66 வயது. வலது தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது. அடுத்த வாரம் ஸ்கோப் (மூட்டுக்குள் விடும் கேமராக் குழாய்) வழியாகத் தைக்கப் போகிறார்கள், சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல உட்கார வைத்து. மயக்க மருந்து டாக்டர், "தலை மேலே இருப்பதால் மூளைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உட்கார வைக்கும் முன்பே கொஞ்சம் சலைன் ஏற்றுவோம்" என்றார். என் அத்தை மகன் ஐ.சி.யூ.வில் வேலை செய்கிறவர். வயதானவர்களுக்குச் சலைன் அதிகமானால் நுரையீரலில் நீர் கோத்துவிடும் என்று பயப்படுகிறார். எனக்கு இரண்டும் சரி என்றே படுகிறது. யாராவது விளக்குங்கள்.

விழித்திருப்பவன்:
நான் மயக்க மருந்து டாக்டர். 14 வருடமாகத் தோள் கேஸ்கள் பார்க்கிறேன், சகோதரி.

விழித்திருக்கும்போது நாம் எழுந்து உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாய்கள் உடனே இறுகும், இதயத் துடிப்பு கூடும், அழுத்தம் விழாது. முழு மயக்கத்தில் இந்த அனிச்சை மந்தமாகிவிடும். ரத்தம் இடுப்புக்குக் கீழே தங்கும். இதயத்துக்குத் திரும்பி வருவது குறைந்தால், அது வெளியே தள்ளுவதும் குறையும்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை, பி.பி. பட்டை கட்டும் இடம். கையில் கட்டிய பட்டை இதய மட்டத்து அழுத்தத்தைத்தான் காட்டும். மூளையின் மட்டமாக நாங்கள் கொள்ளும் காதுத் துளை அதற்கு 20 செ.மீ. மேலே இருந்தால் சுமார் 15 மி.மீ. கழிக்க வேண்டும். திரையில் 100/60 என்றால் சராசரி (கீழ் எண்ணோடு வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால்) 73. மூளை மட்டத்தில் அது 58தான்! பட்டையைக் காலில் கட்டியிருந்தால் கழிக்க வேண்டியது இன்னும் பல மடங்கு. உட்கார்ந்த நிலையில் தோள் அறுவை செய்து, மூளைக்கு ரத்தம் குறைந்து பாதிக்கப்பட்ட நான்கு பேரைப் பற்றி 2005இல் ஒரு கட்டுரை வந்தது. அதன் பிறகுதான் இந்தக் கணக்கைப் பலரும் போடத் தொடங்கினோம்.

ஆகவே உட்கார வைக்கும் முன் அளவோடு சலைன். நானும் அதைத்தான் செய்கிறேன்.

இரவுப்பணி டாக்டர்:
பட்டைக் கணக்கில் எனக்கு மறுப்பே இல்லை. சலைனில்தான் மறுப்பு.

மயக்கத்தில் அழுத்தம் விழுவதற்கு முதல் காரணம் ரத்தக்குழாய்கள் தளர்வது. தளர்ந்த குழாயை இறுக்க மருந்து இருக்கிறது. அதை விட்டுவிட்டு நீரை ஊற்றி நிரப்புவது ஏன்? ஏற்றிய சலைனில் பெரும்பகுதி ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக்குழாயை விட்டுத் திசுக்களுக்குள் போய்விடும். ஆபரேஷனோ இரண்டு மணி நேரம் நடக்கும். அழுத்தம் மறுபடி விழும், மறுபடி ஒரு பாட்டில். இதயம் இறுகிப்போன முதியவர்கள் இரவில் மூச்சுத்திணறலோடு என் வார்டுக்கு வருவதைப் பார்த்தவன் நான். இந்தப் பெண்ணின் அத்தை மகன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

தோள்மூட்டுக்காரர்:
நான் ஆபரேஷன் செய்கிற பக்கம். ஒரு விஷயத்தை இரண்டு பேரும் விட்டுவிட்டீர்கள். பி.பி. 140க்கு ஏறினால் ஸ்கோப்பில் எனக்குச் சிவப்பு மட்டும்தான் தெரியும். எலும்பு எது, தசைநார் எது என்று தெரியாமல் எப்படித் தைப்பது? பி.பி.யின் மேல் எண்ணுக்கும், மூட்டுக்குள் நாங்கள் பம்ப் வைத்துச் செலுத்தும் நீரின் அழுத்தத்துக்கும் வித்தியாசம் 49க்குள் இருந்தால் ரத்தக்கசிவு அடங்கும் என்பது எங்களுக்குப் பழைய பாடம். அதனால்தான் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் என்கிறோம்.

அப்புறம், இந்த ஆபரேஷனில் பக்கவாதம் மிக மிக அரிது. லட்சத்தில் சிலருக்கு என்றுதான் ஆய்வுகளில் பார்த்திருக்கிறேன். ஒரு மகளை இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா?

விழித்திருப்பவன்:
அரிது என்பது உண்மை சார். ஆனால் அந்த அரிதான ஒன்றுக்கு முந்தைய படி அரிதில்லையே. 2010இல் வந்த ஆய்வில் 124 பேரின் நெற்றியில் ஆக்ஸிஜன் அளக்கும் பட்டை ஒட்டிப் பார்த்தார்கள். உட்கார வைத்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு மூளை ஆக்ஸிஜன் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியது. பக்கவாட்டில் படுக்க வைத்தவர்களில் ஒருவருக்குக்கூட இறங்கவில்லை. பெரும்பாலானோர் நன்றாகத்தான் எழுந்துகொள்கிறார்கள். ஆனால் கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பவர் யார், மூளைக்குள் ரத்தப்பாதை குறுகியவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதே?

ரத்தக்கசிவுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. கழுவும் நீரில் அட்ரினலின் கலக்கலாம், பம்ப் அழுத்தத்தை நிதானமாக வைக்கலாம். பி.பி.யைக் குறைப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

இரவுப்பணி டாக்டருக்கு: குழாயை இறுக்கும் ஃபீனைல்எஃப்ரின் மருந்து கொடுத்தால் அழுத்தம் ஏறுகிறது, சரி. ஆனால் பல நேரம் நெற்றி ஆக்ஸிஜன் இறங்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதயம் வெளியே தள்ளும் ரத்தம் குறைவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இதயத்தையும் தூண்டும் எஃபெட்ரின் மருந்தில் அப்படி இறங்குவதில்லை. மூளைக்கு வேண்டியது திரையில் ஓர் எண் இல்லை, ஓடுகிற ரத்தம். காலி டேங்கில் குழாயை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் வராது.

இரவுப்பணி டாக்டர்:
நெற்றிப் பட்டை தோலின் ரத்தத்தையும் சேர்த்தே அளக்கிறது. ஃபீனைல்எஃப்ரின் தோல் குழாய்களைச் சுருக்கும். அதனால் எண் இறங்கியதை வைத்து மூளை பட்டினி கிடக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

டேங்க் காலி என்று எப்படித் தெரியும், அதைச் சொல்லுங்கள். நீங்கள் "அளவோடு" என்கிறீர்கள். எத்தனை தியேட்டர்களில் அந்த அளவை அளக்கிறார்கள்? பாட்டில் தீர்ந்தால் அடுத்த பாட்டில் என்றுதானே பழக்கம்?

தியேட்டர் அக்கா:
நடுவில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்கோப்புக்கு நாங்கள் மாட்டுவது மூன்று லிட்டர் பைகள். ஆபரேஷன் நீண்டால் நாலைந்து பை போகும். அதில் ஒரு பகுதி மூட்டை விட்டுக் கசிந்து தோளிலும் கழுத்திலும் ஊறும். கழுத்து வீங்கி, மூச்சுக்குழாய் டியூபை எடுக்காமல் காத்திருந்த கேஸ் ஒன்றில் நானும் நின்றிருக்கிறேன். டிரிப்ஸ் கணக்கு எழுதுகிறோம், இந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை. உள்ளே போனது எவ்வளவு, வாளியில் திரும்பி வந்தது எவ்வளவு என்று பாருங்கள் டாக்டர்களே.

விழித்திருப்பவன்:
நன்றி அக்கா. இனிமேல் இதை நான் கேட்டு எழுதப் போகிறேன்.

டாக்டர், உங்கள் கேள்வி நியாயமானது. நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில், நோயாளி வறண்டு வரக்கூடாது. ராத்திரி பத்து மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று இன்னும் பல இடங்களில் சொல்கிறார்கள். வயிற்றுக் கோளாறு இல்லாதவர் மயக்கத்துக்கு 2 மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்கலாம் என்பதுதான் இன்றைய விதி. இதைச் செய்தாலே பாதிச் சலைன் தேவைப்படாது. பிறகு 250 மி.லி. ஏற்றிப் பார்ப்பேன். இதயம் தள்ளும் அளவு கூடினால் இன்னொரு 250. கூடவில்லை என்றால் நிறுத்திவிட்டு மருந்துக்குப் போவேன். ஒரேயடியாக நிமிர்த்தாமல் படிப்படியாக உட்கார வைப்பேன். கால்களில் அழுத்தக் காலுறை. மூச்சு மெஷினை வேகமாக ஓட்டிக் கரியமில வாயுவைக் குறைக்க மாட்டேன், குறைந்தால் மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும்.

இரவுப்பணி டாக்டர்:
இப்படிப் பார்த்துப் பார்த்து ஏற்றினால் எனக்குச் சண்டை குறைவு. ஆனாலும் மருந்தை நீங்கள் இரண்டாவதாக வைக்கிறீர்கள். நான் உட்கார வைக்கும் முன்பே மருந்து ஓடட்டும் என்பேன். இதயம் பலவீனமானவரிடம் அந்த முதல் 250ஐக்கூட யோசித்துத்தான் கொடுப்பேன்.

தோள்மூட்டுக்காரர்:
ஒரு சந்தேகம். ரத்த ஓட்டம் மூடிய வட்டம்தானே? ஏறும்போது இழப்பதை இறங்கும்போது ஈர்ப்பு விசை திருப்பித் தராதா? அப்படியானால் அந்த 15ஐக் கழிக்க வேண்டியதே இல்லை.

விழித்திருப்பவன்:
அது விறைப்பான குழாய்க்குப் பொருந்தும். நிமிர்ந்து உட்கார்ந்தால் ரத்தத்தைக் கீழே இறக்கும் கழுத்துச் சிரைகள் தட்டையாக ஒட்டிக்கொள்கின்றன, இழுவை அங்கேயே அறுந்துவிடும். ஒட்டகச்சிவிங்கியைப் பாருங்கள். அதன் இதய மட்டத்து ரத்த அழுத்தம் நம்முடையதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. ஈர்ப்பு திருப்பித் தருவதானால் அந்த இதயம் இவ்வளவு பாடுபட வேண்டாமே. கழிப்பதால் நோயாளிக்கு நஷ்டம் இல்லை. கழிக்காமல் விட்டால் இருக்கலாம்.

திருச்சி மகள்:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு 12 வருடமாக பி.பி. உண்டு, டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். இது முக்கியமா?

விழித்திருப்பவன்:
மிக முக்கியம். பல வருடம் அதிக அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கு, அது தாங்கும் அழுத்தத்தின் கீழ் எல்லையும் மேலே நகர்ந்திருக்கும். மற்றவருக்குப் போதுமான அழுத்தம் அவருக்குப் போதாமல் போகலாம். வீட்டில் அவருடைய வழக்கமான பி.பி. எவ்வளவு என்று எழுதி எடுத்துப்போங்கள். அந்த மாத்திரையை அன்று காலையும் போட்டால், மயக்கத்தில் எளிதில் ஏறாத அளவுக்கு அழுத்தம் விழக்கூடும். எப்போது நிறுத்துவது என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரவுப்பணி டாக்டர்:
இதில் நானும் அவரும் ஒரே கட்சி. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள் அம்மா. சலைன் எவ்வளவு தாங்கும் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

திருச்சி மகள்:
எக்கோ போன வருடம் எடுத்தது. நாளைக்கே புதிதாக எடுக்கச் சொல்கிறேன். பட்டையை எந்தக் கையில், எந்த மட்டத்தில் கட்டுவார்கள் என்றும் கேட்கப் போகிறேன்.