கம்பளையா திகனயா? வீடு வாங்கப் போறோம், தெரிஞ்சவங்க சொல்லுங்க

மலைக்காத்து:
வணக்கம் எல்லாருக்கும். நானும் வைஃபும் கண்டி மாவட்டத்துல ரெண்டு வருஷமா தேடி இப்ப ரெண்டு வீட்டுல வந்து நிக்கிறோம். ஒன்னு கம்பளை டவுனுக்குக் கொஞ்சம் தள்ளி 8 பேர்ச்சஸ் காணியில பழைய வீடு. மத்தது திகனயில 12 பேர்ச்சஸ், புது வீடு, மேல்தட்டு இன்னும் முடியல. ரெண்டுக்கும் கோடி எண்பது லட்சம் கிட்டத்தான் சொல்றாங்க. எனக்கு வேலை பல்லேகலயில ஒரு ஃபெக்டரியில, வைஃப் புசல்லாவை பக்கம் டீச்சர், எங்க அம்மா அப்பாவும் அங்கதான் தேயிலைத் தோட்டத்துல இருக்காங்க. மூத்தவளுக்கு அடுத்த வருஷம் ஸ்கூல் சேர்க்கணும். கம்பளைன்னா வைஃபுக்கு லேசு, திகனன்னா எனக்கு லேசு. 2025 நவம்பர்ல டிட்வா புயலுக்கு கம்பளை தண்ணிக்குள்ள போனதுல இருந்து அம்மா அந்தப் பேரையே எடுக்க விடமாட்டேங்கிறாங்க, மாமனார் என்னன்னா திகனயில நிலம் ஆடுது அங்க போய்க் காசைக் கொட்டாதீங்கன்னு சொல்றாரு. யாரு பேச்சைக் கேக்கிறது?

கம்பளை கடைக்காரன்:
தம்பி நான் இதே ஊர்தான், கடை கீழ, வீடு மேல. அன்னைக்கு கடைக்குள்ள என் தலைக்கு மேல தண்ணி, வீட்டுல ஒரு சொட்டு இல்ல, ரெண்டுக்கும் நடுவுல ஒரு கிலோமீட்டர்கூட வராது. அதனால கம்பளைன்னு மொத்தமா பயப்படாதீங்க, அந்த வீட்டு வாசப்படி ஆத்துல இருந்து எத்தனை அடி உசரம்னு பாருங்க. கொத்மலை ஓயா மகாவலியில சேர்ந்த பிறகுதான் ஆறு நம்ம டவுனுக்கே வருது, மேல மழை கொட்டி கொத்மலை அணையோட வான்கதவையும் திறந்தா என்னாகும்னு இனி நாங்க சொல்லத் தேவையில்ல. வீடு பார்க்கப் போறப்ப பெயின்டைப் பாருங்க, செவுத்துல கீழ்ப்பாதி மட்டும் புதுசா இருக்கான்னு. கதவு நிலையோட அடிப்பக்கம் ஊதியிருக்கும், ப்ளக் எல்லாம் இடுப்புக்கு மேல ஏத்தி வச்சிருப்பான். ஓனர்கிட்ட கேக்காதீங்க, பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட கேளுங்க. ஆனா ஒன்னு, தண்ணிக்குப் பயந்து ரொம்ப மேல ஏறிடாதீங்க. அம்புலுவாவ பக்கம் வியூ நல்லாத்தான் இருக்கும், பின்னால வெட்டி எடுத்த மண் திட்டு செங்குத்தா நிக்கும். தரையில வெடிப்பு, சாஞ்ச மரம், திடீர்னு கலங்கி வர்ற ஊத்து இதுல ஒன்னு இருந்தாலும் திரும்பி வந்துடுங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துல மண்சரிவு அறிக்கை எடுக்கலாம், எடுங்க.

விக்டோரியா பக்கம்:
நான் திகனயில இருக்கேன். 2020 ஆகஸ்ட் கடைசியில நில அதிர்வு முதல் தடவை வந்துச்சு, ராத்திரி டமார்னு ஒரு சத்தம், ஜன்னல் கண்ணாடி ஆடிச்சு, நாயெல்லாம் கத்திச்சு, நாங்க பக்கத்துல கல்லு உடைக்கிறாங்கன்னுதான் நெனச்சோம். பிறகு அந்த வருஷம் முடியுற வரைக்கும் அப்பப்ப வந்துச்சு. எல்லாம் சின்ன அதிர்வுதான், சில வீட்டுல செவுரு வெடிச்சது உண்மை, வீடு விழல. காரணம் அடியில இருக்கிற சுண்ணாம்புக்கல்லுன்னு ஒருத்தர் சொல்வாரு, விக்டோரியா அணைன்னு இன்னொருத்தர் சொல்வாரு, அது முடியாத கதை. எனக்கு அதைவிட கண்டிக்குப் போற வழியில தென்னகும்புர பாலத்து ட்ராஃபிக்தான் பெரிய நடுக்கம் 😀 ஆனா உங்களுக்கு வேலை பாலத்துக்கு இந்தப் பக்கமே இருக்கே, கொடுத்து வச்ச மனுஷன். வைஃபைத்தான் யோசிங்க. அவங்க பாலம் தாண்டி கண்டி போய், கெட்டம்பேயில நின்னு, பேராதனை, கம்பளை, அப்புறம் புசல்லாவை ஏத்தம். விடிய நாலு மணிக்கு எழும்பணும், அதுவும் பிள்ளையோட.

சாக்பீஸ்:
நானும் டீச்சர்தான். மாற்றம் கேட்டா மாகாணம் மாறாது, கல்வி வலயம்தான் மாறும், ஆனா கேட்ட உடனே கிடைக்கும்னு நெனச்சு வீடு வாங்காதீங்க. நான் கேட்டு நாலு வருஷம். பிள்ளைக்கு கம்பளையில இந்துக் கல்லூரி இருக்கு, திகனப் பக்கம்னா ராஜவெலயில இந்துப் பாடசாலை. அதைவிடுங்க, வைஃப் என்ன சொல்றாங்க? எல்லார் பேச்சும் எழுதியிருக்கீங்க, அவங்க பேச்சைக் காணோம்.

நொத்தாரிசு கிளார்க்:
தண்ணி, நடுக்கம் எல்லாம் சரி, காணி உறுதிப் பத்திரத்தை யாராவது பார்த்தீங்களா? திகனப் பக்கம் நிறையக் காணி மகாவலித் திட்டத்துல வந்தது, விக்டோரியா கட்டினப்ப பழைய தெல்தெனிய தண்ணிக்குள்ள போச்சு, அந்த ஆக்களுக்குக் கொடுத்த இடங்கள். அதனால கையில இருக்கிறது சின்னக்கர உறுதியா (முழு சொந்தம்), அளிப்பா (அரசாங்கம் நிபந்தனையோட கொடுத்தது), வெறும் அனுமதிப் பத்திரமான்னு முதல்ல பாருங்க. அளிப்புன்னா முன் அனுமதி எடுக்காம வித்து எழுதினா செல்லாது, பேங்க்காரனும் லோன் தர யோசிப்பான். சின்னக்கரன்னா 30 வருஷத்துக்குக் காணிப் பதிவகத்துல தேடிப் பாருங்க. கம்பளை வீட்டுக்கும் இதேதான், பழைய வீடுன்னா அஞ்சாறு வாரிசு இருப்பாங்க, அதுல ஒருத்தர் கனடாவுல இருப்பாரு. முத்திரை வரியையும் கணக்குல வைங்க. முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், உங்க விலைக்கு 7 லட்சத்து 19 ஆயிரம் வரும். சொல்லாம விட்டா கடைசி நாள்ல நகையைத் தூக்கிட்டு ஓடுவீங்க, நிறையப் பேரைப் பார்த்துட்டேன்.

மலைக்காத்து:
எல்லாருக்கும் நன்றி. டீச்சர் அக்கா நல்லாப் புடிச்சீங்க, ராத்திரி கேட்டேன். "நாலு மணிக்கு நான் எழும்புறேன், நீங்க சமைக்கிறீங்களா"ன்னு ஒரே கேள்வி, அதோட பேச்சு முடிஞ்சுது. புரோக்கருக்கும் கோல் எடுத்தேன், திகன வீட்டுக்கு அளிப்புத்தான் இருக்காம், ஆனா அதுவும் சின்னக்கர மாதிரிதான் சேர் பயப்படாதீங்கன்னு சொல்றான்.

நொத்தாரிசு கிளார்க்:
'மாதிரி'ன்னு ஒரு உறுதி இந்த நாட்டுல கிடையாது தம்பி. போட்டோ கொப்பி வாங்காம ஒரு சதம் அட்வான்ஸ் குடுக்காதீங்க.

மலைக்காத்து:
சரிண்ணே. எங்க அப்பா அம்மா வாழ்ந்த காலம் பூரா தோட்டத்து லயம்தான், அந்த வரிசை வீடுதான், கையில ஒரு துண்டுக் கடதாசி இல்ல. நானும் அப்படி மாட்ட விருப்பமில்ல. ஞாயித்துக்கிழமை கம்பளை வீட்டைத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன், இந்தத் தடவை பெயின்டைப் பார்க்க.

கம்பளை கடைக்காரன்:
வாங்க, கடைக்கும் வந்துட்டுப் போங்க. தண்ணி நின்ன கோட்டை நான் அழிக்காம வச்சிருக்கேன். தெரிஞ்ச மேசன் பாஸ் யாரையாவது கூட்டிட்டு வந்தீங்கன்னா அதுல இருந்து லெவல் புடிச்சு, அந்த வீட்டு வாசல் மேலயா கீழயான்னு பார்த்துடலாம். டீ நம்ம கணக்கு.