மின்சார ஸ்கூட்டர்: மாடி வீட்டுக்காரர்கள் சார்ஜுக்கு என்ன செய்கிறீர்கள்?

வணக்கம். மதுரையில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வேலைக்குப் போய்வர தினம் 46 கி.மீ. ஓடுகிறேன், ஒரு லிட்டர் பெட்ரோல் அதிலேயே போய்விடுகிறது. மூன்று யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி உள்ள வண்டி என்றால் இரண்டு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். ஆசை இருக்கிறது, ஆனால் ஆறு மாதமாக முடிவெடுக்க முடியவில்லை.

விலை இப்போது பெரிய தடையாக இல்லை. 2025 செப்டம்பரில் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகும், மின்சார வண்டிக்கு 5 சதவீதம்தான். என்னைத் தடுப்பது பிளக் பாயிண்ட். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் அது இல்லை. வீட்டு உரிமையாளர் தீப்பிடிக்கும் என்று பயப்படுகிறார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை, 2022-இல் வந்த செய்திகளை நாமும் பார்த்தோமே. பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோகும் வண்டி எடுத்தவர்கள், தினம் அந்தப் பாரத்தோடு படியேறுவது சாத்தியமா என்று உண்மையைச் சொல்லுங்கள். வீட்டு மீட்டரிலிருந்து கீழே தனி லைன் இழுத்தவர்கள் எந்த அளவு ஒயர் போட்டீர்கள், எர்த் எப்படிக் கொடுத்தீர்கள்?

அப்புறம், எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி சூட்டைக் கூடுதலாகத் தாங்கும் என்கிறார்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் மூன்று வருடத்துக்கு மேல் ஓட்டியவர்களுக்கு இப்போது ஒரு சார்ஜுக்கு எத்தனை கி.மீ. கிடைக்கிறது? பழைய மின்சார வண்டியை விற்றவர்கள் என்ன விலைக்குப் போனது என்றும் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். மனைவியின் முதல் கேள்வியே அதுதான்.